வங்கி மதிப்பீட்டை பில்டரிடம் காட்டுவதா, மடியிலேயே வைத்துக்கொள்வதா?

"53 லட்சத்து 60 ஆயிரம்தான் போட்டிருக்காங்க." கோயம்புத்தூர் வங்கிக் கிளையிலிருந்து போன் வந்தபோது நாங்கள் எல்லோரும் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். கஞ்சிக்கோடு பக்கம் தங்கையும் மாப்பிள்ளையும் பார்த்து வைத்திருந்த புது வில்லாவுக்கு பில்டர் சொன்ன விலை 62 லட்சம். எட்டு லட்சத்து நாற்பதாயிரம் இடித்தது.

"ரிப்போர்ட்டை அப்படியே கொண்டுபோய் அவர் மேஜையில போடணும், தானா இறங்குவார்" என்றார் மாப்பிள்ளை. "கையில இருக்கிற சீட்டைக் காட்டிட்டு யாராச்சும் ஆடுவாங்களா?" என்றார் அம்மா. தங்கை என்னைப் பார்த்தாள். வீட்டில் பத்திரம், பட்டா என்று எதுவந்தாலும் என்னிடம்தான் வரும். எனக்கும் அன்றைக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த இரண்டு வாரத்தில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கேரள எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கம் வீடு வாங்கி, அந்தப் பக்கம் லோன் எடுக்கிற குடும்பங்கள் எங்களைப் போல நிறைய இருக்கின்றன.

முதலில் எந்த மதிப்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். எங்கள் திண்ணையிலேயே இதில் பாதி நேரம் குழம்பினோம். தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு என்கிறார்களே, கேரளத்தில் அதற்குப் பெயர் 'நியாயவில'. நியாய விலை என்றால் நமக்கு ரேஷன் கடைதான் ஞாபகம் வரும். இங்கே அது அரசு நிலத்துக்குக் குறித்து வைத்திருக்கும் மதிப்பு. அதற்குக் குறைத்து முத்திரைக் கட்டணம் கட்ட முடியாது. 2010இல் கொண்டுவந்தார்கள், 2023 ஏப்ரலில் ஒரேயடியாக 20 சதவீதம் ஏற்றினார்கள். அப்படியும் பல இடங்களில் சந்தை விலையை விட வெகு கீழே இருக்கிறது. அந்த எண்ணைக் காட்டி பில்டரிடம் பேரம் பேசப் போனால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். நான் பேசுவது வங்கி அனுப்பும் வேல்யூவர் வந்து பார்த்து, அளந்து, எழுதிக் கொடுக்கும் மதிப்பு.

அந்த எண் ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், லோன் அதன் மேல்தான் நிற்கிறது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான வீட்டுக் கடன் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை போகலாம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75. விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதில்தான் வங்கி இந்தச் சதவீதத்தைப் போடும். 62 லட்சத்துக்கு 80 சதவீதம் என்றால் 49.60 லட்சம். 53.60 லட்சத்துக்கு 42.88 லட்சம்தான். 6.72 லட்சம் துண்டு விழுகிறது. அப்புறம் பதிவுச் செலவு. கேரளத்தில் முத்திரைக் கட்டணம் 8, பதிவுக் கட்டணம் 2, ஆக 10 சதவீதம். கோவையில் வாங்கியிருந்தால் 7 + 2. வங்கி இதையெல்லாம் வீட்டு விலையோடு சேர்த்துக் கணக்குப் போடாது. கைக்காசு 25 லட்சத்துக்கு மேல் வேண்டியிருந்தது. மாப்பிள்ளையிடம் இருந்தது 22.

சரி, வழிகளுக்கு வருவோம்.

அம்மா சொன்ன வழி, வாயே திறக்காமல் இருப்பது. இது சரியாகிற இடம் ஒன்று உண்டு. மதிப்பீடு விலைக்குச் சமமாகவோ அதிகமாகவோ வந்திருந்தால் மூச்சு விடக் கூடாது. "வங்கியே அறுபத்தஞ்சு போட்டுட்டான்" என்று பெருமையில் ஒரு வார்த்தை விட்டால் போதும், கூடவே தருவதாகச் சொன்ன மாடுலர் கிச்சன் மெல்ல நழுவிவிடும். ஆனால் மதிப்பு குறைந்து வந்து, லோனை நம்பி வாங்குகிறவர்களுக்கு இந்த வழி ஓடாது. மௌனமாக இருந்தாலும் துண்டு துண்டுதான். வெறுமனே "கொஞ்சம் குறைச்சுக்கோங்க" என்று கேட்டால் ஐம்பதாயிரம் குறைப்பார். நாங்கள் கேட்டோம், அதைத்தான் குறைத்தார்.

மாப்பிள்ளை சொன்ன வழி, முழு ரிப்போர்ட்டையும் கொடுத்துவிடுவது. கேட்க நேர்மையாக இருக்கிறது. நானும் முதலில் இந்தப் பக்கம்தான் சாய்ந்தேன். மேனேஜரிடம் எழுதிக் கொடுத்து நகல் வாங்கி வந்து உட்கார்ந்து படித்த பிறகுதான் மனம் மாறியது. எங்களுக்கு வந்த ரிப்போர்ட்டில் மூன்று எண்கள் இருந்தன: சந்தை மதிப்பு, விற்றால் கைக்கு வரும் மதிப்பு, அவசரமாக ஏலத்தில் விட்டால் கிடைக்கும் மதிப்பு. மூன்றாவது எண்ணை எந்த பில்டர் பார்த்தாலும், "பார்த்தீங்களா, உங்க ஆள் எங்க வீட்டை ஏலத்துல விடறான்" என்று பேச்சைத் திருப்பிவிட முடியும். இன்னொன்று, அந்த ரிப்போர்ட் வங்கியின் பெயருக்கு, வங்கியின் உபயோகத்துக்காக எழுதியது. கட்டணம் நாம்தான் கட்டினோம், ஆனாலும் அதை இன்னொருவர் கையில் முழுசாகக் கொடுப்பதை மேனேஜர் விரும்பவில்லை, அதை வெளிப்படையாகவே சொன்னார். உறவுக்காரர் ஒருவர், "எண்ணை மட்டும் வெள்ளைத்தாள் வெச்சு மறைச்சு ஜெராக்ஸ் போடு" என்று யோசனை சொன்னார். அந்த வேலையே வேண்டாம். வேல்யூவர் கையெழுத்துப் போட்ட தாளில் நாம் கைவைத்தால் பின்னால் பதில் சொல்ல வேண்டியது நாம்தான்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. முழுத்தாளைக் கொடுத்தால் பேச்சு மொத்த எண்ணில் போய் நின்றுவிடும். மொத்த எண் என்பது ஓர் அபிப்பிராயம். அபிப்பிராயத்துக்கு எதிராக அவரிடமும் ஒரு அபிப்பிராயம் இருக்கும். கஞ்சிக்கோடு என்றால் 2015இல் தொடங்கிய ஐ.ஐ.டி. இருக்கிறது, 2024 ஆகஸ்டில் பாலக்காட்டுக்குத் தொழில் நகரம் ஒன்றுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது, "இனி சென்ட் விலை எங்கே போகும் தெரியுமா சாரே" என்று ஆரம்பித்தால் அவர் நிறுத்த மாட்டார். அதில் பாதி நியாயம் இருப்பதுதான் சங்கடம். வேல்யூவர் பக்கத்தில் நடந்த பத்திரப் பதிவுகளைப் பார்த்து விலை போடுகிறார். எல்லைக்கு இரண்டு பக்கமும் ஜனங்கள் பத்திரத்தில் முழு விலையையும் காட்டுகிறார்களா என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் வங்கி மதிப்பு இயல்பாகவே கொஞ்சம் தாழ்ந்துதான் வரும். இந்தச் சண்டையில் யாரும் ஜெயிப்பதில்லை.

ஆனால் அதே ரிப்போர்ட்டில் அபிப்பிராயம் இல்லாத பக்கங்களும் இருந்தன. நாங்கள் கடைசியில் எடுத்த வழி அங்கே இருந்துதான் கிடைத்தது.

பில்டர் கணக்கு இப்படி: 5 சென்ட், சென்ட்டுக்கு 5.50 லட்சம், கட்டடம் 1,650 சதுர அடி, அடிக்கு 2,100. மொத்தம் 62.15 லட்சம், அதை 62 ஆக்கியிருந்தார். வேல்யூவர் கணக்கு: 4.75 சென்ட், சென்ட்டுக்கு 4.80 லட்சம், 1,540 சதுர அடி, அடிக்கு 2,000. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்ததும் தங்கைதான் கண்டுபிடித்தாள்: "அண்ணா, விலை மட்டுமா வேற? அளவே வேற." கால் சென்ட் பொதுப்பாதையில் போயிருந்தது, அதையும் நம் தலையில் சேர்த்து விற்றிருக்கிறார்கள். 110 சதுர அடி கார் போர்ச்சிலும் சிட் அவுட்டிலும் இருந்தது.

இனி பில்டருடைய விலையையே வைத்துப் போட்டுப் பார்க்கலாம். கால் சென்ட்டுக்கு 1,37,500. 110 அடிக்கு 2,31,000. ஆக 3,68,500 ரூபாய். வேல்யூவர் போட்ட விலை சரியா தப்பா என்ற பேச்சே இல்லாமல், பில்டர் தன் வாயால் சொன்ன ரேட்டில், இவ்வளவு இடிக்கிறது. மிச்சம் இருக்கும் வித்தியாசம் ரேட் சம்பந்தப்பட்டது. அதை அவரிடம் பேசவே இல்லை.

கேரளத்தின் ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) ஆணையம் 2020 ஜனவரியிலிருந்து இயங்குகிறது. பதிவான திட்டங்களுக்கு அதன் தளத்தில் கார்ப்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் புழங்கும் பரப்பு, பார்க்கலாம். சட்டம் அந்த அளவில் வெளிச்சுவரையும் பால்கனி, வராந்தா, திறந்த மொட்டை மாடியையும் சேர்ப்பதில்லை. பில்டர் சொல்லும் 'பில்ட் அப்' என்ற அளவு வேறு. எங்கள் திட்டம் பதிவானது, அதனால் தளத்தில் இருந்த அளவையும் வேல்யூவர் அளவையும் ஒத்துப் பார்க்க முடிந்தது. நிலம் 500 சதுர மீட்டருக்குள்ளோ, வீடுகள் எட்டுக்குள்ளோ இருந்தால் பதிவு கட்டாயமில்லை. நான்கைந்து வீடு கட்டி விற்கிறவர்கள் இங்கே அதிகம். அவர்களிடம் வாங்கினால் வேல்யூவர் அளவுதான் கையில் இருக்கும் ஒரே துணை.

அளவைத் தவிர ரிப்போர்ட்டில் இன்னொரு வரி இருந்தது. உள்ளே வரும் பாதையின் ஒரு துண்டு வருவாய்ப் பதிவில் 'நிலம்' என்று இருக்கிறது என்று. கோயம்புத்தூரில் இருந்த வக்கீல் நண்பருக்கு அனுப்பினேன். "பாதை நிலம்தானே, பின்னே என்ன குளமா?" என்று திருப்பிக் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. மலையாள ரெக்கார்டில் 'நிலம்' என்றால் நெல் வயல். வீடு கட்டும் மனைக்கு 'புரயிடம்' என்று இருக்க வேண்டும். 2008 நெல்வயல் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்த ஒரு சொல் பாலக்காட்டில் எத்தனையோ வீட்டை நிறுத்தி வைத்திருக்கிறது. தமிழ் மட்டும் தெரிந்தவர் கண்ணில் இது படவே படாது.

இந்த இரண்டு விஷயத்தையும், அதாவது அளவையும் பாதையையும் மட்டும், தங்கை தன் வார்த்தையில் ஒரு பக்கக் கடிதமாக எழுதினாள். ரிப்போர்ட்டை இணைக்கவில்லை, மொத்த மதிப்பைச் சொல்லவில்லை, "வங்கியின் ஆய்வில் இந்த அளவுகள் வந்திருக்கின்றன, நீங்களே ஆள் அனுப்பி அளந்து பாருங்கள்" என்று மட்டும். நான்கு நாள் கழித்து சேல்ஸ் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, "வேல்யூ எத்ர போட்டு?" (மதிப்பு எவ்வளவு போட்டார்கள்?) தங்கை, "அது பேங்குக்கும் எங்களுக்கும் உள்ள விஷயம் சார், அளவு சரியா இல்லையா சொல்லுங்க" என்றாள். இது பொய் இல்லை, மழுப்பலும் இல்லை. சொல்ல மாட்டேன் என்று நேராகச் சொல்வது. சின்ன வயதில் என் பின்னால் ஒளிந்து நின்றவள் இப்படிப் பேசுவாள் என்று நான் நினைக்கவே இல்லை.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. முதலில் வந்தது "இது கோயம்புத்தூர்க் கணக்கு, இங்கே செல்லாது" என்ற வாதம். எல்லையில் இருப்பவர்கள் இதற்கு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். லோன் எந்தக் கிளையில் எடுத்தாலும், வேல்யூவர் பாலக்காட்டுக்காரராக இருக்கட்டும் என்று விண்ணப்பம் கொடுக்கும் நாளிலேயே கேளுங்கள். கோவையிலிருந்து வருபவருக்கு அங்கத்து எட்டிமடை மனை விலை தெரியும், பாலக்காட்டுச் சந்திரா நகர் விலை தெரியாது. சென்ட்டும் தெரியும், 'புரயிடம்' தெரியாது. எங்கள் வங்கி தன் பாலக்காட்டுக் கிளை மூலம் ஆள் அனுப்பியிருந்தது, அதனால் அந்த வாதம் அங்கேயே நின்றது. அப்படி இல்லையென்றால் சில ஆயிரம் செலவானாலும் உள்ளூர்ப் பதிவு பெற்ற வேல்யூவரை வைத்து நாமே ஒரு தரம் பார்ப்பது தேவலை. அந்த ரிப்போர்ட் நம் பெயருக்கு வரும், அதை யாரிடம் காட்டவும் யாரையும் கேட்க வேண்டாம்.

அடுத்து வந்தது இனிப்பான யோசனை. "உங்க பேங்க் வேண்டாம், எங்களோட டை அப் இருக்கற பேங்க்ல போடலாம், 62க்கே மதிப்பு வாங்கித் தரேன்." இதையும் ஒரு வழியாகத்தான் நாங்கள் எடை போட்டோம், மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் ஆசையும் வந்தது. கைக்காசுத் துண்டு ஒரே நாளில் மறைந்துவிடுமே! அன்று இரவு கணக்குப் போட்டோம். கூடுதலாகக் கிடைக்கும் 6.72 லட்சத்துக்கு, 8.5 சதவீதம் வட்டியில், 20 வருஷத்துக்கு, மாதம் சுமார் 5,830 ரூபாய். மொத்தம் 14 லட்சம் திருப்பிக் கட்ட வேண்டும். இல்லாத கால் சென்ட்டுக்கும் கார் போர்ச்சுக்கும் வட்டி கட்டுவது போல ஆகிவிடும். அதோடு, விலை அதிகம் என்று நமக்குச் சொல்ல இருந்த ஒரே ஆளையும் நாமே அனுப்பிவிடுகிறோம். அந்த வங்கி வட்டி குறைவாகத் தந்தால் யோசிக்கலாம், மதிப்பு அதிகமாகத் தருவதற்காகப் போகக் கூடாது என்பது என் கட்சி.

கடைசியாக வந்தது இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த யோசனை: "பேங்க் எவ்வளவு போட்டானோ அதுக்கே ஆதாரம் எழுதிக்கலாம், மிச்சம் கையில கொடுத்துடுங்க." (ஆதாரம் என்றால் இங்கே கிரயப் பத்திரம்.) முழு ரிப்போர்ட்டைக் காட்டியிருந்தால் இந்தப் பேச்சு முதல் நாளே வந்திருக்கும். எண்ணைச் சொல்லாததால் அவர் தூண்டில்தான் போட முடிந்தது. வீடு நிலத்துக்கு 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, வாங்கிய தொகைக்குச் சமமாகவே அபராதம் வரலாம். அது அவர் பாடு என்று விட்டாலும், நம் பாடு வேறு: நாளைக்கு விற்கும்போது வாங்கிய விலை குறைவாக இருக்கும், லாபம் பெரிதாகத் தெரியும், வரி நம் தலையில். ஏதாவது தகராறு வந்து பணம் திரும்பக் கேட்டாலும் கையில் கொடுத்ததற்குத் துண்டுச்சீட்டு இருக்காது. மாப்பிள்ளை இதற்கு மட்டும் யோசிக்கவே இல்லை, "வேண்டாங்க" என்று எழுந்துவிட்டார்.

எப்போது பேசுவது என்பதும் முக்கியம். எங்கள் கடிதம் போன அன்று தங்கை கொடுத்திருந்தது டோக்கன் ஒரு லட்சம் மட்டும்தான். ரேரா சட்டப்படி, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் பில்டர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. பல பேர் அதற்கு முன்பே பாதியைக் கொடுத்துவிட்டு, அப்புறம் மதிப்பீட்டுத் தாளோடு போய் நிற்கிறார்கள். அப்போது அந்தத் தாளை மூன்று பக்கம் காட்டினால் என்ன, முப்பது பக்கம் காட்டினால் என்ன? திரும்பிப் போகிற ஆள் என்று அவருக்குத் தோன்றும்வரைதான் அளவுக்கு மரியாதை.

பாதை விஷயம் எதிர்பாராத விதமாக நல்லபடி முடிந்தது. அந்தத் துண்டை நெல் வயல் வகையிலிருந்து மாற்றி வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) கொடுத்த தரம் மாற்ற உத்தரவு பில்டரிடம் இருந்தது. வாங்குகிறவர்கள் யாரும் கேட்கவில்லை, அதனால் யாருக்கும் கொடுக்கவில்லை என்றார்! நகல் வாங்கி வங்கி வக்கீலிடம் சேர்த்தோம். எண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இந்தத் தாள் எங்கள் கைக்கு வந்திருக்காது.

அளவுக்கு அவர்கள் ஆள் வந்து டேப் பிடித்தார். அவருக்கு வந்தது 1,545. கால் சென்ட்டை முழுசாக ஒத்துக்கொண்டார்கள், போர்ச்சுக்கு "கான்கிரீட் போட்டிருக்கோமே" என்று கொஞ்சம் இழுத்தார்கள். 59 லட்சத்தில் முடிந்தது. லோன் அதே 42.88 லட்சம். வீட்டுக்கு 16.12, பதிவுக்கு 5.90, கைக்காசு 22 லட்சத்துச் சொச்சம். அந்தச் சொச்சத்துக்கு அம்மாவின் வளையல் இரண்டு நகைக்கடன் ஆபீஸுக்குப் போயிருக்கிறது. விலை 50 லட்சத்தைத் தாண்டியதால் வாங்குகிறவர் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும், அதையும் மறக்காமல் கழித்துக்கொண்டோம். நிறைவுச் சான்று வந்துவிட்ட வீடு என்பதால் ஜி.எஸ்.டி. இல்லை.

மதிப்பீடு எவ்வளவு என்று பில்டருக்கு இன்றைக்கும் தெரியாது. போன வாரம் பால் காய்ச்சப் போயிருந்தபோது, எதிர் வரிசையில் இன்னும் விற்காமல் இருக்கும் நான்கு வில்லாக்களுக்கு ஒரு குடும்பம் விலைப்பட்டியல் வாங்கிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். 5 சென்ட், 1,650 சதுர அடி என்றுதான் அச்சடித்திருந்தது.